குட்டியைத் தூக்கியாச்சு... அப்புறம்?

ஒரு சீன் சொல்றேன். உங்களுக்கும் நடந்திருக்கா பாருங்க.

நவம்பர் மாசம். சாயங்காலம் ஆறரை மணி. மழைக்கு காலேஜ் வாசல் டீக்கடையில ஒதுங்கி நிக்கறீங்க. பக்கத்துல நிக்கிற ஷேர் ஆட்டோவுக்கு அடியிலேர்ந்து 'ங்ங்ங்...'னு ஒரு முனகல். குனிஞ்சு பார்த்தா, ரெண்டு கைக்குள்ள அடங்குற சைஸ்ல ஒரு நாய்க்குட்டி! முழுசா நனைஞ்சு, உடம்பெல்லாம் சேறு, வெடவெடன்னு நடுக்கம். 'அய்யோ, பாவம்டா!'ங்கிறா உங்க கேங்க்ல ஒருத்தி. அதுக்கப்புறம் சும்மா இருக்க முடியுமா? முட்டி போட்டு உள்ளே கை விட்டு எடுக்கறீங்க. துப்பட்டா டவலாகுது. டீக்கடை அண்ணன் ஒரு கப்புல பால் ஊத்தித் தர்றார். நாலு செல்ஃபி, ஒரு ஸ்டேட்டஸ், அதுக்கு முப்பது ஹார்ட்டின். மொத்தமே பத்து நிமிஷம்தான்.

மணி ஏழு. மழை விட்டாச்சு, பஸ் வந்தாச்சு, கேங்க் கலைஞ்சாச்சு. குட்டி மட்டும் உங்க கையில தூங்குது.

இப்ப என்ன பண்ணப் போறீங்க?

ஹாஸ்டல்னா வார்டன். வீடுன்னா, 'இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்'னு அம்மா. வாடகை வீடுன்னா ஹவுஸ் ஓனர். தெருநாய்களை மீட்கிற வாலன்டியர்கள் கூட கொஞ்ச நாள் சுத்தினவங்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே புரிஞ்சுடும். தூக்குறது பத்து நிமிஷ வேலை. வீடு தேடித் தர்றது பத்து வாரம். நான் சொல்லப்போறது ஏழு மணிக்கு அப்புறம் வர்ற அந்தப் பத்து வாரத்தைப் பத்திதான்.

ஆனா ஒரு நிமிஷம். அந்தக் குட்டியைத் தூக்கியிருக்கணுமா?

நான் செகண்ட் இயர் படிக்கும்போது கேன்டீன் பின்பக்கம் மூணு குட்டிகளைப் பார்த்தேன். கத்திக்கிட்டே இருந்துச்சு. அநாதைன்னு முடிவு பண்ணி அட்டைப்பெட்டியில போட்டு தூக்கிட்டு வந்துட்டேன். அடுத்த நாள் காலையில பாத்திரம் தேய்க்கிற அக்கா பிடிச்சுக்கிட்டாங்க. 'தாய் நாய் ராத்திரி பூரா அந்த இடத்தையே சுத்திச் சுத்தி வந்து ஊளையிட்டுச்சுப்பா. யாருடா எடுத்தது?' அது சாப்பாடு தேடிப் போயிருந்த ஒரு மணி நேரத்துல நான் 'ரெஸ்க்யூ' பண்ணியிருக்கேன்! பெட்டியோட ஓடிப்போய் அதே இடத்துல வெச்சேன். அது என்னை ஒரு பார்வை பார்த்துச்சு பாருங்க... அரியர் லிஸ்ட்ல பேர் வந்தப்பகூட அவ்வளவு கூசலை.

அதனால குட்டி வயிறு நிறைஞ்சு குண்டா, ஓரளவு சுத்தமா இருந்தா, அம்மா பக்கத்துலதான் இருக்கும். தள்ளி நின்னு ரெண்டு மூணு மணி நேரம் பாருங்க. வண்டி போற இடமா இருந்தா அஞ்சாறு அடி தள்ளி, ஓரமா நகர்த்தி வெச்சா போதும். குட்டி எட்டு வாரமாவது தாயோட இருக்கணும். பால் மட்டுமில்ல, எவ்வளவு வேகமா கடிச்சா வலிக்கும்ங்கிற பாடத்தையும் கூடப் பொறந்ததுங்ககிட்டதான் அது கத்துக்கும். அடிபட்டது, புழு வெச்ச புண்ணோட இருக்கிறது, தாய் செத்துப்போனது, சாக்குல கட்டி வீசப்பட்டது... இதுங்களுக்குத்தான் உடனே கை தேவை.

வளர்ந்த நாய்க்குக் கணக்கே வேற. அதுக்குத் தெருதான் வீடு. பத்து வருஷமா இஸ்திரி வண்டிக்கு அடியில தூங்குற நாயைப் பிடிச்சு மூணாவது மாடி ஃப்ளாட்ல அடைச்சா அது சந்தோஷப்படாது. அதுக்குத் தேவை கருத்தடை, ரேபிஸ் தடுப்பூசி, திரும்ப அதே தெரு. காது நுனியில சின்னதா வெட்டு இருக்கிற நாயைப் பார்த்திருப்பீங்களே, அது சண்டையில கடிபட்ட காது இல்ல. 'எனக்கு ஆபரேஷன் முடிஞ்சுது'ங்கிற அடையாளம்.

இந்த விஷயத்துல நம்ம சென்னைக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கு. விமானியா இருந்த கேப்டன் வி. சுந்தரமும், அவரோட மனைவி உஷாவும் (அவங்களும் விமானிதான்!) 1959-ல் தொடங்கினதுதான் ப்ளூ கிராஸ். அப்போ மாநகராட்சி நாய்களைப் பிடிச்சு மின்சாரம் வெச்சுக் கொன்னுக்கிட்டிருந்தது. எவ்வளவு கொன்னாலும் எண்ணிக்கை குறையலை. காலியான இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய் வந்துடும், மிச்சம் இருக்கிறது குட்டி போடும். 'கொல்றதுக்குப் பதில் குட்டி போடாம பண்ணலாமே'ன்னு 1964-லேயே கருத்தடையை ஆரம்பிச்சாங்க. கேப்டனோட மகன் சின்னி கிருஷ்ணா இதுக்கு வெச்ச பேர் ஏ.பி.சி. விரிச்சா 'அனிமல் பர்த் கன்ட்ரோல்'. ஏ, பி, சி மாதிரி ஈஸிங்கிறது உள்குத்து. ஆனா மாநகராட்சி கொல்றதை நிறுத்திட்டு இதுக்கு மாறினது 1996-ல்தான். ஈஸியான விஷயத்துக்கு முப்பத்திரெண்டு வருஷம்!

அப்புறம் இன்னும் ஏன் இத்தனை நாய்ங்க? வேலை பாதியில நிக்குது, அதான். 2018-ல் எடுத்த கணக்குல சென்னையில சுமார் 57 ஆயிரம் தெருநாய்கள். 2024 கணக்குல சுமார் 1.8 லட்சம். அதுல கருத்தடை ஆனது கால்வாசிக்குக் கொஞ்சம் மேல. பத்துக்கு ஏழுக்காவது பண்ணினாத்தான் எண்ணிக்கை இறங்கும்னு இந்தத் துறையில இருக்கிறவங்க சொல்றாங்க. அதனால, உங்க தெருவுல காது வெட்டு இல்லாத பெண் நாய் ஒண்ணை மாநகராட்சி வண்டியிலயோ, ப்ளூ கிராஸ்லயோ ஏத்திவிட்டு, திரும்ப வந்து இறங்குற வரைக்கும் நீங்க ஃபாலோ பண்ணினீங்கன்னா, அடுத்த வருஷம் ஷேர் ஆட்டோவுக்கு அடியில அஞ்சாறு குட்டி நனையாது. இதுக்கு செல்ஃபி கிடைக்காது, ஹார்ட்டின் கிடைக்காது. உண்மையான ரெஸ்க்யூன்னு நான் நினைக்கிறது இதைத்தான்.

சரி, நம்ம ஏழு மணிக் குட்டிக்கு வருவோம். அதுக்கு அம்மா இல்லைன்னு உறுதியாயிடுச்சுன்னு வெச்சுக்குங்க.

முதல் தப்பு ஏற்கெனவே நடந்துடுச்சு. டீக்கடைப் பால்! பசும்பால் குட்டிக்குச் செரிக்காது. வயித்தால போகும், உடம்புல தண்ணி வத்தும், சின்ன உடம்பு தாங்காது. நாலு வாரத்துக்குக் குறைஞ்ச குட்டின்னா மருந்துக்கடையிலயோ, பெட் ஷாப்லயோ நாய்க்குட்டிக்கான பால் பவுடர் கேளுங்க. கொஞ்சம் பெரிசுன்னா குழைச்ச சோறும், உப்பு மசாலா போடாத வேக வெச்ச சிக்கனோ, முட்டையோ போதும். வெங்காயம், சாக்லேட், திராட்சை எல்லாம் கூடவே கூடாது. அதுக்கும் முன்னாடி சூடு முக்கியம். வெந்நீர் ஊத்தின வாட்டர் பாட்டிலைத் துணியில சுத்தி அட்டைப்பெட்டியில பக்கத்துல வெச்சிடுங்க. குளிப்பாட்டுறது, பேர் வைக்கிறது எல்லாம் ரெண்டாவது நாள்.

மறுநாள் காலையில டாக்டர். சென்னைன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கவே இருக்கு. 1903-ல் தொடங்கின காலேஜ். க்யூ நீளம், பில் குட்டை. வெளியூர்னா அரசு கால்நடை மருந்தகம்.

பார்வோங்கிற பேரை மட்டும் மறந்துடாதீங்க. தடுப்பூசி போடாத குட்டிகளுக்கு வர்ற வைரஸ் காய்ச்சல். வாந்தி, ரத்தமா வயித்தால போறது, ரெண்டு மூணு நாள்ல கதை முடிஞ்சுடும். அந்த வைரஸ் தரையில, துணியில, பெட்டியில மாசக்கணக்கா உயிரோட இருக்கும். ஃபைனல் இயர்ல எங்க ரூம் பால்கனியில ஒரு பழுப்புக் குட்டி பார்வோவுல போச்சு. அழுது முடிச்சு, பால்கனியை நல்லா தண்ணி ஊத்திக் கழுவி, மூணு வாரம் கழிச்சு அதே பெட்டியில இன்னொரு குட்டியை வெச்சோம். அதுவும் போச்சு. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவணும், பெட்டியைத் தூக்கி எறியணும்னு ஒருத்தராவது முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டாவது பிழைச்சிருக்கும். அதான் இங்கே சொல்றேன். புதுசா வர்ற குட்டியை ரெண்டு வாரம் மத்த நாய்ங்ககிட்டேர்ந்து தள்ளியே வையுங்க. ஆறேழு வாரத்துல முதல் தடுப்பூசி, மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை அடுத்தடுத்தது, மூணு மாசத்துல ரேபிஸ் ஊசி.

ரேபிஸ்னு சொல்லும்போதே காமெடியை ஓரம் வெச்சுடலாம். 2024-ல் தமிழ்நாட்டுல பதிவான நாய்க்கடி சுமார் 4.8 லட்சம். ரேபிஸால இறந்தவங்க 43 பேர். அறிகுறி வந்தப்புறம் மருந்தே கிடையாது. அதுக்கு முன்னாடி ஊசி போட்டுட்டா கிட்டத்தட்ட எல்லாரும் பிழைக்கலாம். 'குட்டிதானே, பல்லு லேசா பட்டுது'ன்னு விட்டுடாதீங்க ப்ளீஸ். கீறலா இருந்தாலும் சோப்பு போட்டு, ஓடுற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவுங்க. நேரா அரசு ஆஸ்பத்திரி. ஊசி இலவசம். முதல் நாள், 3-வது நாள், 7-வது நாள்னு டாக்டர் சொல்ற கணக்கை ஒண்ணுகூட விடாம முடிக்கணும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் காயத்துல வைக்கக் கூடாது. வாரா வாரம் நாய்களைத் தொடப்போறவங்கன்னா கடி வாங்குறதுக்கு முன்னாடியே தடுப்பூசி போட்டுக்கலாம். வாயைத் திறந்தபடி எச்சில் ஒழுக, தள்ளாடி, எதிர்ல வர்றதை எல்லாம் கடிக்கிற நாய்கிட்ட ஹீரோயிசம் வேண்டவே வேண்டாம். தள்ளி நின்னு மாநகராட்சிக்கு போன் பண்ணுங்க.

மறுபடி குட்டிக்கு வருவோம். இந்த வேலையில பணத்தைவிட பற்றாக்குறையா இருக்கிறது 'ஃபாஸ்டர்' வீடு. அதாவது, நிரந்தர வீடு கிடைக்கிற வரைக்கும் வெச்சுப் பார்த்துக்கிற வீடு. காப்பகங்கள்ல இடம் இருக்காது. இருந்தாலும், தடுப்பூசி முடியாத குட்டியை நோயாளி நாய்ங்க நடுவுல விடுறது ரிஸ்க். ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு பாத்ரூம் ஓரமோ, மொட்டை மாடி ஷெட்டோ தர்றவங்க இருந்தா ஒரு உயிர் தப்பிச்சுடும். 'எங்க வீட்டுல நாய் வளர்க்க முடியாதே'ன்னு சொல்றவங்கதான் இதுக்கு சரியான ஆள். 'இருபது நாள்தாம்மா'ன்னு அம்மாகிட்ட டீல் பேசலாம். (இருபத்தோராவது நாள் அம்மாவே 'எங்கே அனுப்பப் போறே என் தங்கத்தை?'ன்னு சண்டைக்கு வந்தா நான் பொறுப்பில்ல. அதுவும் அடிக்கடி நடக்குது.)

அடுத்து விளம்பரம். அழுக்குக் கோணிமேல, பயந்த கண்ணோட இருக்கிற போட்டோவைப் போட்டா 'அச்சோ'ன்னு கமென்ட் வரும், ஆள் வராது. பகல் வெளிச்சத்துல, ஒருத்தர் மடியில உட்கார்ந்து காதைத் தூக்கிப் பார்க்கிற போட்டோ போடுங்க. வயசு, ஆணா பெண்ணா, எந்த ஊசி முடிஞ்சுது, என்ன குறை... எல்லாத்தையும் நேர்மையா எழுதுங்க. பின்னங்கால் நொண்டுதுன்னா நொண்டுதுன்னு எழுதுங்க. மறைச்சுக் குடுத்த குட்டி மூணாவது நாள் திரும்பி வரும்.

அப்புறம் போன் வரும் பாருங்க... 'என்ன ப்ரீடுங்க?' 'நாட்டு நாய்தாங்க.' டொக்! 'வெள்ளையில இருக்கா?' 'இல்லைங்க, கறுப்பு.' டொக்! 'ஆண் குட்டியா?' 'பொட்டைங்க.' டொக், டொக்! பக்தியா பைரவர்னு கும்பிடுவாங்க, வீட்டுக்குள்ள மட்டும் கறுப்பு ஆகாது. பெண் குட்டின்னா நாளைக்கு அஞ்சாறு குட்டி போட்டு வைக்குமேங்கிற பயம். ஆபரேஷன்னு ஒண்ணு இருக்கு, ஆறு மாசத்துல பண்ணிடலாம்னு பொறுமையா எடுத்துச் சொல்லணும். சாக்குல கட்டி வீசப்படறதுல பெண் குட்டிங்கதான் அதிகம்ங்கிறது இதுல இருக்கிற யார்கிட்ட கேட்டாலும் சொல்ற விஷயம். இதை வெறும் நாய்க் கதைன்னு எடுத்துக்க முடியலை.

அதைவிடக் கஷ்டம், 'சரி, எடுத்துக்கறோம்'ங்கிற ஆள்கிட்ட 'இல்ல'ன்னு சொல்றது. பத்து நாளா யாருமே கூப்பிடலை, செமஸ்டர் வேற தலைக்கு மேல, அந்த நேரத்துல ஒரு குரல்: 'குடோன்ல கட்டிப் போடணும் தம்பி, ராத்திரி குலைச்சா போதும்.' குடுத்துட்டா உங்க பாரம் இறங்கிடும். குட்டி பன்னெண்டு வருஷம் ரெண்டடி சங்கிலியில நிக்கும். எங்கே கட்டுவீங்க, பகல்ல வீட்டுல யார் இருக்காங்க, ஹவுஸ் ஓனருக்குத் தெரியுமா, ஊருக்குப் போனா யார் பார்த்துக்குவாங்க... கூச்சப்படாம கேளுங்க. 'பையனுக்கு பர்த்டே கிஃப்ட்'னா வீட்டுல இருக்கிற பெரியவங்ககிட்டயும் பேசுங்க. நேர்ல போய் வீட்டைப் பாருங்க. பேர், அட்ரஸ் எழுதி கையெழுத்து வாங்குங்க. சென்னைக்குள்ளன்னா மாநகராட்சி லைசென்ஸும் எடுக்கணும்னு சொல்லிடுங்க. முதல் வாரம் ஒரு தடவை, முதல் மாசம் ஒரு தடவை, ஆபரேஷன் சமயத்துல ஒரு தடவை போன் பண்ணுங்க. பிடிக்கலைன்னா உங்ககிட்டயே திருப்பித் தரணும், ரோட்டுல விடக் கூடாதுன்னு முதல்லயே பேசிடுங்க. பட்டினி கிடக்கிற மாதிரி கைவிடுறது 1960-ம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனா முதல் தடவை மாட்டினா அபராதம் பத்து ரூபாய்லேர்ந்து ஐம்பது ரூபாய் வரைக்கும்தான்! ரெண்டு டீ, ஒரு சமோசா காசு. சட்டத்தை நம்பி குட்டியைக் குடுக்காதீங்க, ஆளைப் பார்த்துக் குடுங்க.

உங்க கேம்பஸ்லயே இருக்கிற நாய்ங்க விஷயத்துக்கும் வந்துடறேன். கேன்டீன் வாசல்ல படுத்திருக்கும், எந்த டிபார்ட்மென்ட் லெக்சர்லயும் வந்து தூங்கும், நாலு பேட்சுக்கு சீனியரா இருக்கும். 2025 ஆகஸ்ட் 22-ல் சுப்ரீம் கோர்ட், தெருநாய்களுக்குக் கருத்தடையும் ஊசியும் போட்டு, பிடிச்ச இடத்துலயே விடணும்னு சொன்னது. வெறி பிடிச்சதும், ஆக்ரோஷமா இருக்கிறதும் மட்டும் விதிவிலக்கு. நவம்பர் 7-ல் வந்த உத்தரவு கேம்பஸைத் தனியாப் பிரிச்சுது. பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி, ஸ்டேடியம், பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் வளாகங்கள்ல இருக்கிற நாய்களை எடுத்து, கருத்தடையும் ஊசியும் போட்டு, காப்பகத்துல வைக்கணும், திரும்ப அங்கேயே விடக் கூடாது. இதை எதிர்த்தும் ஆதரிச்சும் நிறைய பேசியாச்சு. காலையில அஞ்சு மணிக்கு பெருக்க வர்ற அக்காவைத் துரத்திக் கடிச்ச நாயும் கேம்பஸ்ல இருக்குங்கிறதை நாய்ப் பிரியர்கள் மறந்துடறோம். அந்த அக்காவுக்குப் பயமில்லாம நடக்கிற உரிமை இருக்கு. அதே சமயம், காப்பகம்னு எழுதுறது சுலபம், அத்தனை நாய்களுக்கு எங்கே இடம்ங்கிற கேள்வியும் அப்படியே நிக்குது.

கூண்டுக்குப் போகாம ஒரு கேம்பஸ் நாய் தப்பிக்கணும்னா இருக்கிற ஒரே நல்ல வழி, அதை யாராவது சட்டப்படி தத்து எடுக்கிறது. ஆகஸ்ட் உத்தரவே அதை அனுமதிச்சுது. எடுத்தவங்க திரும்பத் தெருவுல விடக் கூடாதுங்கிறது மட்டும் நிபந்தனை. நாலு வருஷம் பிஸ்கட் போட்டு வளர்த்துட்டு, கான்வகேஷன் அன்னிக்கு அதோட போட்டோ எடுத்துட்டுப் போற ஃபைனல் இயர் மக்களே... சொந்த ஊர்ல தோட்டம் துரவோட வீடு இருக்கிறவங்க உங்கள்ல எத்தனை பேர்? ஏற்கெனவே மனுஷங்களோட பழகி, ஊசி போட்டு, ஆபரேஷன் ஆன நாய் அது. குட்டியைவிட தொந்தரவு கம்மி. வளாகத்துல எத்தனை நாய், எது சாது, எது கடிக்கும்னு லிஸ்ட் எடுத்து நிர்வாகத்துகிட்ட நீங்களே முதல்ல குடுங்க. வண்டி வந்தப்புறம் கேட்டை மறிச்சு அழுதா வேலைக்காகாது.

எங்க பால்கனியில கடைசியா இருந்தது ஒரு கறுப்புப் பெண் குட்டி. மை-னு பேர் வெச்சோம். பதினோரு வாரம். எழுபது போன் கால் வந்திருக்கும். குடோன்காரருக்கு 'இல்ல'ன்னு சொன்னது இவளுக்காகத்தான். கடைசியில ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற ஒரு டெய்லர் அக்கா வந்தாங்க. ப்ரீடு கேட்கலை, கலர் கேட்கலை. 'கடையில நாள் பூரா ஒத்தையா உக்காந்திருப்பேன். மெஷின் சத்தத்துக்குப் பயப்படுமா?'ன்னு மட்டும் கேட்டாங்க. மிக்ஸி சத்தத்துக்கே அசராதுக்கா-ன்னோம்.

ஒரு மாசம் கழிச்சு பார்க்கப் போனேன். கட்டிங் டேபிளுக்கு அடியில, துண்டுத் துணி மேல படுத்திருந்தா. நெத்தியில சின்னதா பொட்டு வேற! பேரை லட்சுமின்னு மாத்திட்டாங்களாம். 'மை'ன்னு நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். யாரோ கஸ்டமர்னு நினைச்சுத் தலையைத் தூக்கினவ, மறுபடி படுத்துட்டா.